நெடுந்தூர லாரி ஓட்டுநர் உடலைப் பேணுவது எப்படி?

லண்டன் நகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தவர்களைப் பற்றி மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் தம் குழுவினருடன் 1953-இல் வெளியிட்ட ஆய்வை, வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, பயணச்சீட்டு கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தவர்களிலும் உயிரிழந்தவர்கள் குறைவு. பின்னர் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆனால் வித்தியாசம் முழுவதையும் உடல் பருமனின் தலையில் கட்டிவிட முடியவில்லை. ஒல்லியானவர்களிலும் சரி, பருத்தவர்களிலும் சரி, நடத்துநர்களின் நிலையே மேலாக இருந்தது. அவர்கள் அந்தப் படிகளை உடற்பயிற்சி என்று எண்ணி ஏறவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது.

நெடுந்தூர லாரி ஓட்டுநருக்கும் இதே வழிதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். பத்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு இறங்கும் ஒருவரிடம் 'இரவில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்வது நடக்காத காரியம். இரண்டு நாள் செய்வார், மூன்றாம் நாள் படுத்துவிடுவார். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. டீசல் நிரப்ப, டயர் பார்க்க, சாப்பிட, சிறுநீர் கழிக்க, சரக்கு ஏற்றவும் இறக்கவும் வரிசையில் காத்திருக்க என்று வண்டி எப்படியும் பல முறை நிற்கத்தான் போகிறது. செய்ய வேண்டியவற்றை அந்த நிறுத்தங்களோடு இணைத்துவிட்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

முதலில் நடை. பதினாறு மீட்டர் நீளமுள்ள ஒரு ட்ரெய்லர் லாரியை ஒரு மீட்டர் தள்ளி நின்று சுற்றினால் ஒரு சுற்று ஏறத்தாழ 45 மீட்டர் வரும். இருபத்திரண்டு சுற்று ஒரு கிலோமீட்டர். முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாக நடந்து டயர், தார்ப்பாய்க் கயிறு, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றிலிருந்து கையை வீசி வேகமாக நடங்கள். பேச்சு வர வேண்டும், ஆனால் பாட மூச்சு இருக்கக் கூடாது. அதுதான் சரியான வேகம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு மூன்று நிறுத்தங்களில் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நாளில் 150 நிமிடம் நிறைந்துவிடும். இயந்திரத்தை அணைத்துவிட்டு நடப்பது முக்கியம். பக்கத்து வண்டி புகை கக்கிக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாக விலகிச் சென்று நடங்கள்.

கால்களில் இறங்கும் இரத்தத்தை மீண்டும் இதயத்துக்கு மேலேற்றுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசை சுருங்கி விரிவதில்லை. இரத்தம் தேங்குகிறது, சிலருக்கு ஆழத்திலுள்ள இரத்தக் குழாய்களில் உறைந்தும் போகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்வோருக்கு இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். உடலைக் கருதினால் அதற்கும் முன்பாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குவதே நல்லது. இறங்கியதும் கேபின் படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை இருபது முறை உயர்த்தித் தாழ்த்துங்கள். கெண்டைக்கால் சூடேறுவது தெரியும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வெதுவெதுப்பும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாள் போதும். முன்பக்க பம்பரிலோ படியிலோ கைகளை ஊன்றி, உடலை நேராக வைத்துத் தண்டால் எடுக்கலாம். தரையில் எடுப்பதைவிட இது எளிது, கையும் அழுக்காகாது. படியில் உட்காரப்போவதுபோல் தாழ்ந்து, உட்காராமலே எழுந்து நிற்பது தொடைக்கு. ஒரு ரப்பர் பட்டையைக் கைப்பிடியில் மாட்டி, முழங்கைகளைப் பின்னுக்குக் கொண்டுவந்து இழுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டியரிங்கை நோக்கிக் குனிந்தே கூன் விழுந்த தோள்களைப் பின்னுக்குக் கொண்டுவர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

முதுகு தனியாகக் கவனிக்க வேண்டிய உறுப்பு. வண்டியின் அதிர்வு முதுகெலும்பு வழியாக மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பதால், ஓட்டி முடித்த உடனே இடுப்புப் பகுதி எளிதில் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். ஆகையால் கேபினிலிருந்து ஒருபோதும் குதித்து இறங்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பற்றியிருக்கும்படி இறங்குங்கள். இறங்கியவுடன் சரக்கில் கை வைக்காமல் சில நிமிடம் நடந்துவிட்டு அப்புறம் தூக்குங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டுவது ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, தொடைவரை இறங்கும் நரம்பு வலியைக் கொண்டுவரக்கூடும். அதை எடுத்து முன்னால் வையுங்கள். சுருட்டிய துண்டு ஒன்றை இடுப்பு வளைவுக்குப் பின்னால் கொடுத்துக்கொள்ளுங்கள்.

உணவு விஷயத்தில் வெற்றி தோல்வி வழியில் தீர்மானமாவதில்லை, புறப்படும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பசி முற்றிய பிறகு முதலில் கண்ணில் படும் கடையில் வண்டியை நிறுத்தினால், அங்கே எண்ணெயில் பொரிந்துகொண்டிருப்பதைத்தான் எவரும் சாப்பிடுவார். எனவே ஒரு டப்பாவில் உப்பில்லாத வேர்க்கடலை, வறுத்த பருப்பு வகைகள், முழுப் பழங்கள், கேரட், வெள்ளரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இவை எளிதில் கெடாதவை, கையில் ஒட்டாதவை. சமைத்த உணவு, வேகவைத்த முட்டை, தயிர் போன்றவற்றுக்குக் குளிர்ப்பெட்டி கட்டாயம் வேண்டும். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துச் சாப்பிடக் கூடாது. வெயிலில் நிறுத்திய கேபினுக்குள் ஒரு மணி நேரம்கூட அதிகம்.

கடையில் சாப்பிடும்போது தட்டில் பாதி காய்கறியும், கால்பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்றும், மீதிக் கால்பங்கு சோறோ ரொட்டியோ இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மாவுப்பொருளைக் குவித்துச் சாப்பிட்டுவிட்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் கண் செருகும். நள்ளிரவில் முழுச் சாப்பாடு வேண்டாம். அந்நேரத்தில் உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. முன்மாலையில் நன்றாகச் சாப்பிட்டு, இரவில் பழமோ கடலையோ எடுத்துக்கொள்வது வயிற்றுக்கும் நல்லது, விழிப்புக்கும் நல்லது. 330 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் சேர்த்த சர்க்கரையை நிறுத்துவது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பும் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டும் ஊறுகாயும் அதை விரைவில் தாண்டவைத்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதையும் கொறிப்பதில்லை என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கை எட்டாத இடத்தில் வைத்தால் பாதிப் பழக்கம் தானாகப் போய்விடும். மென்றுகொண்டே இருந்தால்தான் தூக்கம் வராது என்று சொல்பவருக்கு வேண்டியது தீனி அன்று, தூக்கம்.

வண்டியை அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்றச் சொல்வேன். குறைவாகக் குடிப்பது சிறுநீரகக் கல்லுக்கும், அடக்கி வைப்பது சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவிடும். நீர் குறைந்தால் கவனமும் தளரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூக்கத்தைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன் குறைகிறது; அதனால்தான் தூங்காத இரவுக்கு மறுநாள் இனிப்பும் எண்ணெயில் பொரித்ததும் கேட்கிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிகாலை 2 முதல் 6 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையும் உடலே தூக்கத்தைக் கேட்கும் நேரங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவா. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு குவளை காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் கண்மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்திருப்பீர்கள். படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே காபியை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அதன் கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். உரத்த குறட்டையும், தூங்கி எழுந்த பின்னும் தீராத களைப்பும் இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

ஜன்னல் பக்கத் தோலையும் மறக்க வேண்டாம். இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம், கண்ணாடியை ஒட்டிய பக்கம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தடித்திருந்தது 2012-இல் ஒரு மருத்துவ இதழில் படத்துடன் வெளியானது. புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை பக்கக் கண்ணாடியை ஊடுருவி வரும். முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீன் களிம்பும் போதும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் புறப்படும் முன்பும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிடாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஓட்டும்போது நடுக்கமோ வியர்வையோ தோன்றினால் ஓரம் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் சாப்பிடுங்கள். சர்க்கரை சீரான பிறகும் 45 நிமிடம் கழித்தே ஓட்டத் தொடங்குங்கள். இன்சுலினைச் சூடான கேபினில் விட்டுச் செல்லாதீர்கள். ஒவ்வாமைக்கும் சளிக்கும் மாத்திரை வாங்கும்போது அது தூக்கம் தருமா என்று கேட்டு வாங்குங்கள்.

முன்னேற்றத்தை அளக்க எடைக்கருவியைத் தேடி அலைய வேண்டாம். டாஷ்போர்டில் ஒரு தையல்நாடா இருந்தால் போதும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி அளந்து, தேதியோடு டிரிப் நோட்டில் எழுதுங்கள். அந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும்.