கண்ணுக்கு விட்டமின் மாத்திரை: எங்கே தவறுகிறோம்?

எங்கள் பெரியம்மாவுக்குக் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ‘கண் விட்டமின்’ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் சாப்பிடுகிறோமே என்று இரவு போடும் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கண் அழுத்தம் எகிறியிருந்தது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை, இவைதான் அதற்கு வைத்தியம். எந்த விட்டமின் மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதற்கும் இந்த மாத்திரை வைத்தியம் ஆகாது.

சரி, மாத்திரையால் பலனே இல்லையா? வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோயில், உண்டு. அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் ‘ஏரெட்ஸ்’ ஆய்வு 2001இல் வெளியானது. நோய் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும், மாத்திரை சாப்பிட்டதில் 5 ஆண்டுகளில் அது முற்றும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆரம்பக் கட்டத்தில் பலன் தெரியவில்லை. கண்புரையையும் தடுக்கவில்லை. ‘அப்பாவுக்கு இருக்கிறதே, நானும் இப்போதே ஆரம்பிக்கிறேன்’ என்பது வீண் செலவு. இழந்த பார்வையையும் மாத்திரை மீட்டுத் தராது.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யு. (சர்வதேச அலகு), துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. இருக்க வேண்டும். கடைசி இரண்டும் தாவர நிறமிகள்; 2013இல் வந்த இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வுக்குப் பிறகு, பழைய மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டினுக்குப் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) பதிலாகச் சேர்ந்தவை. புகைப்பவர்களும், முன்பு புகைத்தவர்களும் பீட்டா கரோட்டின் உள்ளதைத் தொடவே கூடாது, நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. தாமிரத்தை வேண்டாத சரக்கு என்று நினைக்காதீர்கள். துத்தநாகம் இந்த அளவுக்குப் போனால் உடலில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம், அதற்காகத்தான் அது. அந்த இரண்டாவது ஆய்வில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கூடுதல் பலன் தரவில்லை.

கீரையில் லூட்டின் நிறைய, தினமும் சாப்பிடலாம். ஆனால் இந்த அளவு துத்தநாகமும் வைட்டமின் ஈயும் சாப்பாட்டில் கிடைக்காது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்தாதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற தைரியத்தில் கண்ணைக் கவனிக்காமல் விடுவது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால். நேர்க்கம்பி நெளிந்து தெரிந்தால், நடுவில் கருந்திட்டு விழுந்தால், உடனே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். ரத்தக்குழாய் கசிகிற வகையாக இருந்தால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அதில் வாரக்கணக்கில் தாமதிக்க முடியாது.