கைக்கருவி வாங்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து போன வருடம் நட்டுத் திருகும் சொக்கெட் ஒன்று வாங்கினேன். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னக் கம்பிகள். 7 முதல் 19 மில்லிமீட்டர் வரை எந்த நட்டையும் பிடிக்கும் என்றார்கள். மாமாவின் வள்ளத்து எஞ்சினில் கறள் பிடித்த 12 மில்லிமீட்டர் நட்டு ஒன்றில் அதைப் போட்டுத் திருகினேன். கம்பிகள் வளைந்தன, நட்டின் மூலைகள் மழுங்கின. கடைசியில் கராஜில் வெட்டித்தான் எடுத்தார்கள். சொக்கெட்டின் விலையைவிட அந்தக் கூலி அதிகம்.

எல்லாவற்றுக்கும் ஒன்று போதும் என்று நம்பியதுதான் என் பிழை. நட்டுக்கு ஆறு பக்கம். சரியான அளவுள்ள ஆறுமூலை சொக்கெட் அந்த ஆறையும் அணைத்துப் பிடிக்கும். கம்பிகளோ சில புள்ளிகளில் மட்டும்தான் அழுத்தும். லேசான நட்டுக்கு அது போதும். ஆனால் திருகோணமலையில் கடற்கரையோரம் லேசான நட்டு எங்கே இருக்கிறது? உப்புக் காற்று எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கும். ஜப்பான் பைக்கிலும் வள்ள எஞ்சினிலும் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஆகிய நான்கு அளவுகளே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடும். பல அளவு சொக்கெட்டுகள் உள்ள பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் காசில் அந்த நான்கையும் தரமாக வாங்குங்கள்.

தலையில் கூட்டல் குறி போல வெட்டு உள்ள ஸ்டார் ஸ்க்ரூவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஜப்பான் பைக்குகளில் வருவது ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பான் தர அளவு வகை, தலையில் பெரும்பாலும் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் வகை ஸ்க்ரூட்ரைவர் முனை அதில் முழுதாக உட்காராது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஸ்க்ரூ மட்டம் என்று திட்டுவோம், பிழையோ முனையில்.

குறடு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விளையாட வேண்டாம். பிடியில் ரப்பர் இருந்தால் கரண்ட் அடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ரப்பர் கை வழுக்காமல் இருக்கப் போட்டது. மின்வேலைக்கு உரிய குறட்டில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். போலிக் குறியும் அடிக்கிறார்கள் என்பதால் நம்பிக்கையான ஹாட்வெயார் கடையிலேயே வாங்குங்கள். எங்கள் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். எந்தக் குறடாக இருந்தாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

உறுதியான உருக்கைக் குறிக்கும் 'குரோம் வனேடியம்' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதை எந்த இரும்பிலும் பொறிக்கலாம். கடையில் குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாய் சேரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால், மூட்டு ஆடினால், வேண்டாம். படத்தைப் பார்த்து ஓடர் பண்ணினால் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

அப்புறம், நல்ல சாமானையும் உப்பு தின்னும். கடற்கரையில் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு பூசுங்கள். ஈரத்துணியோடு பெட்டியில் போட்டு மூடவே கூடாது.