வளையைப் பாருங்க, அப்புறம் கடைக்குப் போங்க

கார் போகத்து நடவு முடிந்து பயிர் தூர் கட்ட ஆரம்பித்ததும் எங்க திருநெல்வேலிப் பக்கத்து இரும்புக் கடைகளில் எலிப்பொறி கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிடும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வீரவநல்லூரில் இருந்து சேரன்மகாதேவி வரைக்கும் இதே கதைதான். கடையில் எது தொங்குகிறதோ அதில் நாலை வாங்கி, வரப்பில் வைத்துவிட்டு, "பொறியில ஒண்ணும் விழமாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வார்கள். நம்ம வயலில் இருப்பது என்ன எலி என்று தெரியாமல் வாங்கிய பொறி அப்படித்தான். முதல் வேலை வளையைப் பார்ப்பது.

நஞ்சையில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது கரம்பை எலி. அகன்ற வரப்பில் ஆழமாக வளை தோண்டும். வாசலில் புது மண்ணைக் குவித்து அடைத்து வைத்திருக்கும்; உள்ளே கதிரை அறுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் புல் எலி அதிகம். அது பெரிதாகத் தோண்டாது, மண் வெடிப்பிலேயே குடித்தனம் நடத்தும். ராதாபுரம், நாங்குநேரி பக்கம் கடலை போடும் புஞ்சைகளில் வெள்ளெலி. அதன் வளைக்கு வாசல் பல. மேலே மெல்லிய மண் மூடிய தப்பு வழியும் ஒன்றிரண்டு வைத்திருக்கும். இவை போக, எல்லா இடத்திலும் சுண்டெலி.

பயிரில் விழுந்த வெட்டையும் கவனியுங்க. எலி வெட்டிய தூரில் தண்டு சாய்வாக, பேனாக் கத்தியால் சீவியது மாதிரி இருக்கும். வரப்போரத்துப் பயிர் நன்றாக நிற்க, வயலின் நடுவில் மட்டும் சொட்டையாகத் தெரிந்தால் எலிதான் என்று முடிவு செய்யலாம். நட்ட சில நாளிலேயே நாற்று அடியோடு அறுந்து தண்ணியில் மிதந்தால் நண்டையும் சந்தேகப்படுங்க. அதற்கு எலிப்பொறி வைத்துப் பிரயோஜனமில்லை.

அடுத்து, எந்த வளையில் எலி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் வரப்பு முழுக்க நடந்து எல்லா வளை வாயையும் தொளிச் சேற்றால் அடைத்துவிடுங்க. மறுநாள் விடியலில் போனால் குடியிருக்கிற வளை மட்டும் திறந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் துணிக் கிழிசல் கட்டி வையுங்க. பொறியெல்லாம் அந்தக் குச்சிகளைச் சுற்றித்தான். ஒரு எச்சரிக்கை: எந்த வளைக்குள்ளும் கையை விடாதீங்க. எலி காலி செய்த வளையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தங்கும்.

இப்போ பொறி. நெல் வயலுக்கு என் ஓட்டு தஞ்சாவூர்க் கிட்டிக்குத்தான். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டியிருப்பார்கள். இரையை எலி இழுத்ததும் விசை விடுபட்டுக் கழுத்தை நெரித்துவிடும். தூர் கட்டிய வயலுக்குள் தண்ணி மட்டத்துக்கு மேலே சொருகி நிறுத்தலாம், துருப்பிடிக்காது, ஒன்று உடைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. வாங்கும்போது மூங்கில் கணுவில் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்க. வெறும் விசையைக் கையாலேயே ஏற்றி, நெல் தாளால் தட்டிப் பாருங்க. தாள் தொட்டதும் விட வேண்டும். இழுத்து இழுத்து விடுகிற கிட்டி இரையைத் தானம் பண்ணத்தான் ஆகும்.

இரும்பு இடுக்கிப் பொறி வீட்டுக்கும் களத்துக்கும் சரி, வயல் வரப்பில் எனக்குப் பிடிக்காது. விடிந்தும் எடுக்காமல் விட்டால் உள்ளான், மைனா, கீரி எல்லாம் மாட்டும். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் மேலே தென்னை மட்டையால் கூரை போட்டு, எலி நுழையும் அளவுக்கு மட்டும் வழி விடுங்க. கம்பிக் கூண்டு வெள்ளெலிக்கும், குடோனில் உள்ள எலிக்கும் நல்லது. சுண்டெலிக்குப் பானை போதும்: வாய் தரை மட்டத்தில் இருக்கும்படி புதைத்து, பாதி தண்ணி ஊற்றி, மேலே கொஞ்சம் பொரி தூவினால் தானாக விழும். பசை அட்டை வாங்கவே வாங்காதீங்க. ஓணானும் குருவியும் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துடிக்கும். வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பதைப் பொறி என்றே நான் சேர்க்க மாட்டேன். அது குற்றம். இருட்டில் தண்ணி பாய்ச்ச வருகிற மனுஷன்தான் அதில் விழுவான்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. ஏக்கருக்கு நாலு கிட்டி வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான். நாற்பது வரை போகலாம். அவ்வளவு கைவசம் இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, இரண்டு மூன்று இரவு அடுத்தடுத்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்க. ஒவ்வொன்றையும் கயிற்றால் ஒரு முளையில் கட்டுவதை மறக்க வேண்டாம். அரைகுறையாக மாட்டிய எலி பொறியோடு போய்விடும். மிச்சத்தை நாய் தூக்கிப் போகும்.

இரைக்குத் தேங்காய்ச்சில், கருவாடு, வறுத்த கடலை, பொரி எதுவும் ஆகும். கரம்பை எலிக்கு வயல் நண்டு ரொம்பப் பிடிக்கும். சும்மா கிடைப்பதும் அதுதான். நண்டுக் காலை ஒடித்து நூலால் இறுக்கிக் கட்டுங்க. வெறுமனே சொருகினால் விசை விழும் முன்னே உருவிக்கொண்டு போய்விடும். பயிரில் பால் பிடித்த பிறகு நெல் இரை எடுபடாது. சுற்றிலும் அதே விருந்து இருக்கும்போது பொறியில் உள்ள நெல்லை எது வந்து தொடும்?

எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் முதல் இரண்டு நாள் விசையை ஏற்றாமல் இரையை மட்டும் கட்டி வையுங்க. தின்றுபோன இடமெல்லாம் தெரியும். மூன்றாம் நாள் அங்கே விசையை ஏற்றுங்க. எலி ஓடுகிற ஒற்றைத்தடம் வரப்போரத்தில் வழவழவென்று தேய்ந்து தெரியும். கிட்டியை அந்தத் தடத்துக்குக் குறுக்காக வைக்க வேண்டும். பொழுது சாயும் நேரம் வைத்து, எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று வந்து, விழுந்ததை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்க. இரண்டாவது சுற்று விடியலுக்கு முன்னே. பொறியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், வெறும் தண்ணியில் அலசினால் போதும்.

எப்போ தொடங்குவது? கதிர் வெளியே வராமல் தாளுக்குள் பொதியாக இருக்கும்போது பதறி ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் காரியம் கை மீறிவிடும். கரம்பை எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். மூன்று மாதத்தில் குட்டியும் தாயாகிவிடும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 நெல் ரகத்தின் வயது 110 நாள் சொச்சம். அந்த ஒரு போகத்துக்குள்ளேயே பேத்தி எடுத்துவிடும். பிசானப் போகத்து நெல்லை அறுத்து வயல் தரிசாகக் கிடக்கிற பங்குனி, சித்திரைதான் தோதான நேரம். தின்ன ஒன்றும் இல்லாததால் இரைக்கு ஓடி வரும். அப்போதே மம்பட்டியோடு இறங்கி வரப்பையும் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குக் குறைத்துவிடுங்க. ஒல்லி வரப்பில் கரம்பை எலி வளை போடாது. அதை விட்டுவிட்டால், நட்ட ஒரு மாதத்துக்குள்ளாவது முதல் சுற்று முடிந்திருக்க வேண்டும்.

தனியாகச் செய்து பலன் இல்லை. அடுத்த வயல்காரரிடம், "அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரி நாங்க கிட்டி வைக்கோம். நீங்களும் வையுங்க, இல்லன்னா அம்புட்டும் ஒங்க வயலுக்குத்தான் வரும்" என்று சொல்லிப் பாருங்க. மறுநாள் அவரே கிட்டி தேடுவார்.

செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்து, வாய்க்காலுக்குத் தள்ளி ஆழக் குழி தோண்டிப் புதையுங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியில் வெடித்த காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்தால், வயலில் எலி பிடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. கூண்டில் உயிரோடு மாட்டியதை அடுத்த ஊர் வயலில் விடாதீங்க. கோணிச்சாக்கில் தட்டி ஒரே அடியில் முடித்துவிடுங்க.

கோழியைத் தூக்குகிற காட்டுப்பூனைக்கும் பொறி உண்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட மிருகம். தவிர, ராத்திரி அது தின்பது பெரும்பாலும் நம்ம எலியைத்தான். கோழிக்கூட்டுக்கு வலுவான கதவு போடுங்க. எலியைத் தின்கிற கூகை ஆந்தைக்கும் இடம் கொடுங்க: வயலில் அங்கங்கே குறுக்குக் கட்டை வைத்த கம்பு நட்டால் ராத்திரி வந்து உட்காரும். கதிர் முற்றும்போது கம்பைப் பிடுங்கிவிடணும், இல்லாவிட்டால் பகலில் குருவி அதில் உட்கார்ந்து நெல்லைக் கொறிக்கும்.

போகம் முடிந்ததும் கிட்டிகளைக் கழுவிக் காயவைத்து, நாணைத் தளர்த்தி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிடுங்க. நாண் இறுக்கமாகவே கிடந்தால் மூங்கில் வளைவு செத்துவிடும், புகை படாவிட்டால் செல்லரிக்கும். அடுத்த கார் போகத்துக்கு இரை நூலை மட்டும் மாற்றினால் போதும்.