ஜன்னல் ஏசிக்குத் தெர்மோஸ்டாட் தேர்ந்தெடுத்து, அறையைச் சீராகக் குளிர வைப்பது எப்படி?

சென்ற கத்திரி வெயிலில், சென்னையில் எங்கள் வீட்டின் ஒன்றரை டன் ஜன்னல் ஏசி இரவு முழுவதும் நிற்காமல் ஓடியது. நள்ளிரவில் அம்மா குளிர் தாங்காமல் போர்வையைத் தேடுவார். ஏசியை நிறுத்தினாலோ அரைமணி நேரத்தில் வியர்த்து எழுந்துவிடுவார். பார்க்க வந்த மெக்கானிக், கேஸ் குறைந்துவிட்டது என்றார். கேஸ் குறைந்த ஏசி அறையை இவ்வளவு குளிர்விக்காது என்று எனக்குத் தோன்றியதால், முன்பலகையை நானே கழற்றிப் பார்த்தேன். அறையின் வெப்பத்துக்கேற்ப, குளிரூட்டும் கம்ப்ரசரை ஓட்டியும் நிறுத்தியும் வைக்கும் சுவிட்சான தெர்மோஸ்டாட்டின் உள்ளிருக்கும் மின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டதே காரணம். எண்கள் பொறித்த குமிழைத் திருகும் பழைய வகை ஏசிகளுக்கு மட்டுமே இந்தச் செய்முறை பொருந்தும்.

முதலில் பழுதை உறுதி செய்துகொள்ளுங்கள். குமிழைக் குறைந்த குளிர்ப் பக்கம் முழுவதும் திருப்பியும் குளிர்ந்த அறையில் ‘டிக்’ ஒலி கேட்காமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டேயிருந்தால், தொடுமுனைகள் ஒட்டிவிட்டன எனலாம். வெப்பமான அறையில் மின்விசிறி மட்டும் சுழன்று கம்ப்ரசர் கிளம்பவேயில்லை என்றால், வெப்பத்தை உணர தெர்மோஸ்டாட்டிலிருந்து நீளும் மெல்லிய கேபிலரிக் குழாய்க்குள் அடைத்திருக்கும் வாயு கசிந்திருக்கக்கூடும். ஆனால் கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் பழுதானாலும் இதே நிலைதான் என்பதால், வாங்குவதற்கு முன் தெர்மோஸ்டாட்டில் இணைப்பு இருக்கிறதா என்று, மின்சாரத்தை அளக்கும் கருவியான மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே எதையும் தொட வேண்டும். அப்போதும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் அதன் அருகில் கை வைக்க வேண்டாம்.

வாங்கும்போது பழைய தெர்மோஸ்டாட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். குமிழ் மாட்டும் தண்டின் வடிவம், கேபிலரியின் நீளம், தாங்கக்கூடிய ஆம்பியர் அளவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். தனி சென்சாரோடு வரும் மலிவான டிஜிட்டல் கருவிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அக்கருவிகளில் ரிலே எனப்படும் சிறிய மின்சுவிட்ச் அதைத் தாங்காமல் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். ஏசிக்கென்றே செய்த இயந்திர வகையே இங்கு ஏற்றது. வீட்டுக்கு வந்ததும், பல்பு எனப்படும் கேபிலரியின் உணர்நுனியைச் சிறிது நேரம் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரில் இணைப்பு துண்டிக்கப்படுவதையும், வெளியே எடுத்தபின் மீண்டும் இணைவதையும் பார்த்துவிடுங்கள்.

பொருத்துவதில் நான் இடறியது பல்பை வைக்கும் இடத்தில்தான். வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, கேபிலரியின் நுனியிலுள்ள பல்பை கூலிங் காயிலின் தகடுகளுக்கிடையே இறுக்கமாகச் செருகினேன். அப்படியிருந்தால் அசையாது என்று நினைத்தேன். அன்றிரவு ஏசி ஓரிரு நிமிடம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, அறையோ குளிரவேயில்லை. பல்பு அளக்க வேண்டியது அறையிலிருந்து உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தை. காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், காயில் சில்லிட்ட உடனே அறையே குளிர்ந்துவிட்டதாகக் கொண்டு தெர்மோஸ்டாட் கம்ப்ரசரைத் துண்டித்துவிடும். காற்றோட்டம் இல்லாத மூலையில் தொங்கவிட்டாலோ, அறை குளிர்ந்த செய்தி தாமதமாகவே எட்டுவதால், தேவைக்கு மேல் குளிர்ந்த பிறகுதான் நிற்கும். ஆகவே ஃபில்டருக்குப் பின்னே, காயிலின் முகப்பிலிருந்து கால் அங்குலம் முதல் அரை அங்குலம்வரை தள்ளி, எந்த உலோகமும் படாதபடி பிளாஸ்டிக் கிளிப்பில் பல்பை நிறுத்துங்கள். எங்கள் ஏசியில் பழைய கிளிப் உடைந்திருந்ததால் புதியது வாங்கினேன். அதன் பின்னரே ஓட்டம் சீரானது. மிஞ்சும் கேபிலரியை மடிக்காமல் அகன்ற வளையமாகச் சுற்றி, மின்முனைகளிலும் செப்புக் குழாய்களிலும் உரசாதவாறு ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

இனி வெப்பநிலையை அமைக்கலாம். குமிழின் எண்கள் டிகிரி அல்ல. எனவே கட்டில் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, கதவைச் சாத்தி, குமிழை முழுக் குளிரில் விடுங்கள். 25 டிகிரி வந்ததும், ‘டிக்’ கேட்கும்வரை மெதுவாகப் பின்னோக்கித் திருப்பி, அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியை, மின்சேமிப்புக்கான மத்திய அமைப்பான பிஇஇ, 2020 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பதும் அதன் கணக்கு. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுழன்றால் 26 டிகிரிகூட எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பின்சேர்க்கை: இதன்படி செய்த ஒருவர், குமிழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தபோது கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றதாக எழுதியிருந்தார். நின்ற கம்ப்ரசரின் இருபுற அழுத்தமும் சமமாகும் முன் கிளப்பினால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடமாவது பொறுத்திருங்கள். இன்னொருவர் ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டார். அது பனி உறையும் அளவுக்குக் குளிர்ந்தால்தான் துண்டிக்கும் என்பதால் ஏசி நிற்காமல் ஓடும், காயிலிலும் பனி படியும். ஏசி தெர்மோஸ்டாட் என்று கேட்டே வாங்குங்கள்.