டர்பன் குளிருக்குத் திரிகடுகம்

இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலையில் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது திரிகடுகம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை, ஒவ்வொன்றும் 50 கிராம் போதும், டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட் மசாலாக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு" என்பார்கள், அதனால் சுக்கின் தோலைக் கத்தியால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். அப்புறம் தனித்தனியே இளஞ்சூட்டில் வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்தால் சரி.

இரண்டு சிட்டிகை, தேனில் குழைத்து. வயிற்றுப்புண் உள்ளவர்கள் தொட வேண்டாம்.

ஆயுர்வேதம், சித்த மருத்துவம் இரண்டுக்கும் பொதுவான மருந்து இது. 1860 நவம்பரில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கு இதன் பெயரைத்தான் வைத்தார்கள்!