எந்தச் செடியால் அரிக்கிறது? காலண்டர் தாளை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறிய மாட்டேன். பின்பக்கத்தில் அன்றைக்குத் தோட்டத்தில் எதைத் தொட்டேன் என்று எழுதி, கம்பியில் குத்தி வைத்துவிடுவேன். "பிடிகருணை தோண்டியது. விரல் இடுக்கு, உடனே." "மாங்காய் பறித்தது. ஒன்றுமில்லை." இரண்டு தாள் தள்ளி, "மணிக்கட்டில் கொப்புளம்." இப்படித்தான் இருக்கும். எழுத அரை நிமிடம் ஆகாது. ஆனால் என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் பட்ட அவஸ்தைக்குக் காரணம் கிடைத்தது இந்தத் தாள்களில்தான்.

கோவையில் சூலூர்ப் பக்கம் எங்கள் வீடு. நாலு சென்ட் தோட்டம், பக்கத்தில் யாரும் கட்டாத காலி மனை. மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் ஆனால் போதும், இவருக்குக் கண் இமை இரண்டும் தடித்துவிடும். கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். தூசி அலர்ஜி என்றார்கள். சூடு என்றார்கள். கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். அதையும் செய்தோம். சட்டைக்குள் இருக்கும் முதுகிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லையே, வெளியே தெரியும் இடத்தில் மட்டும் ஏன் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அரிப்பு வந்தால் முதலில் இரண்டு கேள்வி. தொட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது? உடம்பில் எங்கே வந்தது?

தொட்ட சில நிமிடங்களிலேயே சுணைக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஊசி வேலை. பிடிகருணை, சேம்பு, சேனை, வரவேற்பறையில் வைக்கிறோமே, இலையில் வெள்ளை தெளித்த டைஃபன்பாக்கியா, மணிபிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. தோலில் அவை குத்தி நிற்பதுதான் அந்த நமைச்சல். இதற்கு அலர்ஜி உடம்பு வேண்டியதில்லை, யாருக்கும் வரும். கிழங்கு நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவுவது நல்ல பழக்கம், கையுறை அதைவிட நல்லது. குழந்தை இருக்கும் வீட்டில் டைஃபன்பாக்கியாவைத் தரையில் வைக்காதீர்கள். இலையைக் கடித்தால் நாக்கும் உதடும் வீங்கிவிடும். வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரில் கொப்பளிக்க வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வேலியோரச் செந்தட்டியும் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியும் உடனே காட்டிவிடும். இங்கே முடிதான் வில்லன். தேய்த்தால் உள்ளே போகும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், நாலைந்து தடவை. அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முருங்கையில் பூச்சி அடை அடையாக இருந்தால் அந்த மரத்தடியில் துணி காயப்போடாதீர்கள்.

ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வருவதுதான் ஏமாற்றும். இது உண்மையான அலர்ஜி. உடம்பு அந்தப் பொருளை முன்பே ஒருமுறை சந்தித்து, நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை எதிர்க்கிறது. அதனால்தான் "முப்பது வருசமா மாங்காய் பறிக்கிறேன், எனக்கா அலர்ஜி" என்ற பேச்சு எடுபடாது. முப்பத்தோராம் வருடமும் தொடங்கலாம். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீறிடும் பால், பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய், சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்துச் சாமான்கள். அந்தப் பிசின் தோலில் ஒட்டினால் வெறும் தண்ணீருக்குப் போகாது. சோப்பு வேண்டும், சீக்கிரமும் வேண்டும். அரிவாள் பிடி, தொரட்டிக் கம்பு, கட்டியிருந்த லுங்கி எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவ வேண்டும். கழுவாத பிடியில் இருந்து அடுத்த வாரமும் கைக்கு ஏறும்.

இனி இவர் கதைக்கு வருகிறேன். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, இவர் நடைப்பயிற்சிக்குக் காலி மனை ஓரமாகப் போன நாட்களுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் இமை வீங்கியிருந்தது. வெளியூர் போயிருந்த பத்து நாளில் ஒன்றுமே இல்லை. அந்த மனை முழுக்க பார்த்தீனியம். இடுப்பளவு உயரம், கொத்தமல்லி போல வெட்டுவெட்டான இலை, உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனேயில் கண்டார்கள், இன்று இது இல்லாத புறம்போக்கு இல்லை. இதன் மயிரிழைகளில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. காய்ந்து பொடிந்தாலும் அதன் வீரியம் போகாது. காற்றில் பறந்து வந்து முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று திறந்த இடத்தில் உட்காரும். இவர் அந்தச் செடியைக் கையால் தொட்டதே கிடையாது.

தாள்களோடு தோல் மருத்துவரிடம் போனோம். முதுகில் சின்னச் சின்ன வட்டமாக ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து எடுத்துப் பார்த்தார்கள். பேட்ச் டெஸ்ட் என்று பெயர். மறுபடியும் ஓரிரு நாள் கழித்துப் பார்த்தார்கள். பார்த்தீனியம் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து பொங்கியிருந்தது. "சாமந்தியும் இதே குடும்பம்தான், கவனியுங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் எனக்குப் பளிச்சென்றது. ஆயுத பூஜைக்கு மூட்டையாகச் சாமந்தி வாங்கி, மாலை தொடுத்து, வண்டிக்கெல்லாம் கட்டுவது இவர்தான். இப்போது தொடுப்பது நான். சாமிக்கு அரளியும் சம்பங்கியுமாகப் போடுகிறோம்.

பார்த்தீனியத்தைப் பிடுங்குவதென்றால் பூக்கும் முன் பிடுங்குங்கள். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு வரும். அலர்ஜி உள்ளவர் அந்தப் பக்கமே வரக்கூடாது. மற்றவர்களும் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கு வாய் மூடிய துணியோடு இறங்குங்கள். பூத்த பிறகு இயந்திரம் வைத்து வெட்டினால் தெருவுக்கே தூவிவிட்டது போலாகும். எதுவும் பயிரிடாத தரிசு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் நேரத்தில் இலை நனையத் தெளிக்கலாம். தோட்டத்து மண்ணில் அதைச் செய்யாதீர்கள், மற்ற செடியும் போய்விடும். மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாங்கள் மூன்று மழைக்காலம் தொடர்ந்து பிடுங்கினோம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடுவதால் ஒரு வருடத்தில் தீராது.

வெயிலோடு சேர்ந்து வருவது ஒன்று உண்டு. போன சித்திரையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிந்தேன். மறுநாள் மாலை, சாறு வழிந்த கோட்டிலேயே முழங்கை வரைக்கும் சிவந்து, அதற்கடுத்த நாள் நீர்க்கொப்புளம். கொப்புளம் அடங்கியதும் காபி நிறத்தில் கோடு விழுந்தது. போக மூன்று மாதம் ஆயிற்று. பார்த்தவர்களெல்லாம் சூடு பட்டதா என்று கேட்டார்கள். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள், வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடுகிறது. அத்திப்பாலும் அப்படித்தான். அரிப்பைவிட எரிச்சல் அதிகம், தழும்பு கோடுகோடாக இருக்கும். இதுதான் அடையாளம். எலுமிச்சையை நிழலில் பிழியுங்கள், பிழிந்த கையைக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள்.

கண் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காமல் எவரும் மருத்துவமனைக்கு ஓடிவிடுவார்கள். எருக்கம்பால் அப்படி இல்லை. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூப் பறிக்கும்போது ஒரு சொட்டு தெறிக்கும். கொஞ்சம் உறுத்தும், அடங்கிவிடும். மறுநாள் காலையில் எல்லாம் பனிமூட்டம் போலத் தெரியும், வலியே இருக்காது. அந்தப் பால் கருவிழிக்குள் இறங்கி அதை வீங்க வைக்கிறது. எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவுக்கு இப்படித்தான் ஆனது. வலிக்கவில்லையே என்று ஒன்றரை நாள் சும்மா இருந்துவிட்டார். எந்தச் செடிப்பால் கண்ணில் பட்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். எந்தச் செடி என்று சொல்லுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள்.

கையுறையில் துணி ஆகாது, பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீல நைட்ரைல் கையுறை நல்லது. முள் வேலை என்றால் அதன்மேல் தோல் கையுறை. கழற்றும்போது உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றுங்கள். தோட்டத்தில் இருக்கும்வரை வேர்வையைக் கையால் துடைக்காதீர்கள், தோளில் ஒரு துண்டு போதும்.

அரிப்பு வந்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, கலமைன் லோஷன் தடவலாம். சுண்ணாம்பு, பற்பசை வேண்டாம். மஞ்சளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் போட்டே போடாதீர்கள். இவர் இமை மெலிந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம். முகம் உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரோஜா முள் குத்தி சில வாரம் கழித்துக் கட்டி எழும்பி, கை நெடுக மேலே மேலே வரிசையாக ஏறினால் அது அலர்ஜி இல்லை, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் முள் குத்தியதை மறக்காமல் சொல்லுங்கள்.

இவர் இப்போது மழைக்காலத்தில் நடைப்பயிற்சிக்கு வேறு தெரு வழியாகப் போகிறார். நேற்றைய தாளில் எழுதியிருப்பது: "கறிவேப்பிலை கவாத்து. செம்பருத்திக்கு எரு. இமை சரியாக இருக்கிறது."