பூனையிடமிருந்து படர்தாமரை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

புதுப் பூனைக்குட்டி வந்து இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையின் கையிலோ கழுத்திலோ சிவப்பாக, வட்டமாக அரிப்பு வந்தால் பெரும்பாலும் அது படர்தாமரை. பூனையிடமிருந்து தொற்றுவது அநேகமாக மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. மருத்துவர் இதை ஆங்கிலத்தில் 'ரிங்வோர்ம்' (வட்டப்புழு) என்றதும் பூனைக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. பெயரில்தான் புழு இருக்கிறது, நோயில் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'அரிப்பு க்ரீம்'. இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு வெளிறும். பூஞ்சையோ அரிப்பு அடங்கிய தோலுக்குள் தாராளமாகப் பரவும். வட்ட வடிவம் கலைந்துபோவதால் பிறகு பார்க்கும் தோல் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். தலையில் வந்து முடி கொட்டினால் எந்தக் களிம்பும் மயிர்க்காலுக்குள் போய்ச் சேராது, மாத்திரைதான் வேண்டும்.

"பூனை நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. பெர்சியன் போன்ற நீள்முடிப் பூனைகள் எந்த அறிகுறியும் இல்லாமலே பூஞ்சையைச் சுமக்கும். மற்றவற்றில் காது, முகம், முன்னங்கால்களில் முடி உடைந்து செதில் தெரியும். கால்நடை மருத்துவர் பிடித்துப் பார்க்கும் புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. புது டூத் பிரஷால் உடல் முழுக்க வாரி எடுத்த முடியிலிருந்து பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையை நம்பலாம்; முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

நமக்கு வாங்கிய களிம்பைப் பூனைக்குத் தடவாதீர்கள், நக்கிவிடும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. பொதுவாக இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு வாரம் இருமுறை மருந்துக் குளியலும் கால்நடை மருத்துவர் சொல்வார். சினைப் பூனை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரிசியோஃபல்வின் போன்ற பூஞ்சை மருந்து வயிற்றிலிருக்கும் குட்டிகளை ஊனமாக்கும்.

உதிர்ந்த முடியிலுள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் அவை காற்றில் பறக்கும். ஈரத் துணியால் முடியை வழித்தெடுத்துவிட்டுத் துடையுங்கள். ஃபினாயில் வேண்டாம், பூனைக்கு ஆகாது. சிகிச்சை முடியும்வரை சுத்தம் செய்ய எளிதான ஓர் அறையில் பூனையை வைத்து, அங்கேயே தினமும் விளையாடுங்கள். குட்டியைத் தனிமையில் வாட விடாதீர்கள்.

படர்தாமரைக்குப் பயந்து பூனையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்தியாவில் காணும் படர்தாமரையில் பெரும்பகுதி மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. ஒரே துண்டை நான்கு பேர் பயன்படுத்தினாலே போதும். பூனைதான் காரணம் என்றாலும், விரட்டிய பிறகு வித்துகள் உங்கள் பாயிலும் சோபாவிலும் அப்படியே இருக்கும். சிகிச்சை எடுத்தால் குட்டி முழுக்கக் குணமாகும். ஆனால் முடி முளைத்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். கல்ச்சரில் பூஞ்சை இல்லை என்று வந்து, கால்நடை மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை கொடுங்கள்.